கப்பலேற ஒரு வருடக் கெடு

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டர் தாளைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து, எந்தெந்த வழியில் அவன் ஆர்டரை ரத்து செய்ய முடியும் என்று முதலாளிக்குச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. திருப்பூரில் இந்த வேலைக்கு மெர்ச்சன்டைசர் என்று பெயர். நூல் வாங்குவது முதல் சட்டை கப்பலேறும் வரை ஓடவேண்டும். ஏதாவது பிசகினால் திட்டும் வாங்கவேண்டும். இந்தத் தேதிக்குள் சரக்கு கப்பலேறாவிட்டால் இவ்வளவு பிடித்தம், அதற்கு மேல் தாமதமானால் மொத்தமும் ரத்து என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பேன். சாயப்பட்டறைக்காரர் "போன்லயே சொல்லீட்டனுங்களே" என்று வந்து நின்றால், "வாயில் சொன்னது செல்லாது, எழுத்தில் வந்த நாள்தான் நாள்" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லி அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கம்பெனித் தாளில் நான் ஒருநாளும் கோட்டை விட்டதில்லை. என் வீட்டுத் தாளில்தான் விட்டேன்.

என் மனைவி அதே கம்பெனியில் பேக்கிங்கில் பதினோரு வருடம் இருந்தாள். மடித்த பனியனைப் பாலித்தீன் உறையில் போட்டு, உறைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டுவது அவள் வேலை. பெட்டியின் பக்கவாட்டில் அது போய்ச் சேரும் துறைமுகத்தின் பெயர் அச்சடித்திருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது என்னிடம் கேட்பாள்.

"இந்தப் பொட்டி எத்தன நாளுங்க கப்பல்ல போகும்?"

"இருபத்தஞ்சு நாள் ஆகும்."

"அத்தன நாளும் சுத்தித் தண்ணிதானுங்களா? நெலமே தெரியாதுங்களா?"

"நடுக்கடல்ல நெலம் எங்கிருந்து வரும்?"

அவள் அப்படியே யோசித்துக்கொண்டிருப்பாள். கடலை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், திருச்செந்தூரில், மகனுக்கு மொட்டை போட்ட அன்று. திரும்பி வரும் பஸ்ஸில், "கரையில நின்னு பாத்தா பாதிக் கடல்தானுங்க தெரியுது. நடுவுல போயி நிக்கோணும். நாலு பக்கமும் தண்ணியா இருக்கோணும்" என்றாள். நான் சிரித்தேன். நகை கேட்கிற பெண்டாட்டியை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைக் கேட்கிற பெண்டாட்டி எனக்குத்தான் வாய்த்தாள்.

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது சொந்த ஊர் சேவூரிலிருந்து அவரைத் திருப்பூர் நல்லூருக்கு, எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். யாராவது ஒருவர் வேலையை விடவேண்டும் என்று வந்தது. யார் என்ற கேள்வியே எழவில்லை. அவள் நின்றுகொண்டாள். ஒன்றரை வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டது அவள்தான். நான் மாலையில் வந்து "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். ஊர் என்னைத்தான் நல்ல மகன் என்றது.

வேலையை விட்டதில் அவளுக்கு பி.எஃப். பணம் வந்தது. அதை என்ன செய்யலாம் என்று நான் நாலைந்து யோசனை வைத்திருந்தேன். அவளிடம் ஒன்றுதான் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ்காரர், சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மூன்று இரவு கடலில் சுற்றிவரும் கப்பலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடங்களில் திருப்பூரில் அது ஒரு மோஸ்தர். நூல் கம்பெனிக்காரர்கள் டீலர்களைக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போகப்படாதவர்கள் கைக்காசில் போய்விட்டு வந்து ஆல்பம் காட்டினார்கள். பங்குனி கடைசியில் இரண்டு பேருக்குமாக அவள் பணத்தைக் கட்டினோம். மார்கழியில் கப்பல். மகன் அமராவதி நகரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். அந்த ஐந்தாறு நாளும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள சேவூரில் இருக்கும் என் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பணம் கட்டிய அன்று ஏழு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். என்னைப் போன்ற ஆள் அதை எப்படிப் படித்திருக்கவேண்டும்? முதல் பக்கத்தைப் படித்தேன். மீதியைப் புரட்டினேன். உல்லாசப் பயணத்தில் என்ன சட்டம் இருந்துவிடப் போகிறது என்ற இளக்காரம்தான்.

அவளுக்கும் எனக்கும் சேர்த்தே பாஸ்போர்ட் எடுத்தோம். தபாலில் வந்த அன்று கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்துதான் தன்னுடையதைத் தொட்டாள். சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கி அலமாரி மேல் வைத்தாள். தினமும் அதன் தூசியைத் துடைப்பாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது, "நாலஞ்சு நாள்தானுங்க மாமா, போன காலோட வந்துருவேன். அதுவரைக்கும் உங்க மவகிட்டச் சமத்தா இருக்கோணும்" என்பாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணும். அது சிரிப்பு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கப்பலுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது அப்பா போய்விட்டார்.

சேவூருக்குக் கொண்டுபோனோம். சொந்தபந்தம், கம்பெனி ஆட்கள், சாயப்பட்டறைக்காரர்கள் என்று வாசல் கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் டிராவல்ஸ்காரரும் வந்தார். ரோஜா மாலை ஒன்றை அப்பாவின் மேல் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிணத்தைக் கண்ணால் பார்த்து மாலை போட்டுவிட்டுப் போகிற மனுஷனிடம், எங்கள் பயணத்தை ரத்து செய்யுங்கள் என்று எழுதி வேறு கொடுக்கவேண்டுமா? எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படித் தோன்றாது. கொள்ளி வைத்தவன் கருமாதி முடியும்வரை வெளிவேலை எதையும் தொடமாட்டான், கையெழுத்துப் போடமாட்டான். பதினாறு நாள் என் செல்போன் அக்காவின் பீரோவில் கிடந்தது.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன், கருமாதியன்று கூட்டத்துக்கு நடுவில் சட்டம் சொன்னார். "கொள்ளி வெச்ச பையன் ஒரு வருசத்துக்கு மல ஏறப்படாது, கடல் தாண்டப்படாது. கண்ணு, கேட்டுக்க." அவர் வாழ்நாளில் கடலைப் பார்த்தவரில்லை. அவிநாசியைத் தாண்டினாலே அவருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கடலைப் பற்றி அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நான் மொட்டைத் தலையோடு சரிங்க என்றேன்.

மறுநாள் டிராவல்ஸுக்குப் போனேன். அவர் எழுந்து நின்று, காபி சொல்லி, ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, கேன்சல்னு நீங்க எழுதிக் குடுக்கவே இல்லீங்களே."

"அதான் நேர்ல வந்தீங்களே? மாலை போட்டீங்களே?"

"வந்தேனுங்க. எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு டிக்கெட் பேச்ச எப்பிடிங்க எடுக்கறது? அப்பறம் ரெண்டு தரம் போன் போட்டனுங்க. சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு."

அந்த ஏழு பக்கத்தை மேசை மேல் விரித்தார். அப்போதுதான் அதைப் படித்தேன். முப்பது நாளுக்கு மேல் இருந்தால் முன்பணம் மட்டும் போகும். முப்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் என்றால் பாதி போகும். பதினைந்துக்குள் வந்துவிட்டால் ஒரு பைசா கிடையாது. எழுத்தில் கடிதம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. அப்பா இறந்த அன்றோ அடுத்த ஆறு நாளுக்குள்ளோ ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பாதி திரும்பியிருக்கும். நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஐந்தே நாள் மீதி.

நான்காம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. பத்து நாள் முன்பு வரைக்கும், சிறு கட்டணம் கட்டி, ஒரு பயணியின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் சேர்த்துக்கொள்ளலாம். அவள் தங்கையிடம் பாஸ்போர்ட் இருந்தது. என் பெயரை எடுத்துவிட்டுத் தங்கையின் பெயரைப் போட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். கடல் தாண்டக்கூடாது என்ற சட்டம் கொள்ளி வைத்தவனுக்குத்தானே, மருமகளுக்கு இல்லையே. இதைப் படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. எதற்குச் சொல்லி அவளைக் கஷ்டப்படுத்தவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சொன்னால் தப்பு என் பக்கம் வந்துவிடும் என்ற பயம்தான்.

டிராவல்ஸ்காரர் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் மாறி மாறிப் பேசினார். இறப்புச் சான்றிதழ் அனுப்பினோம். கடைசியில் கப்பல்காரர்கள் இரக்கப்பட்டு ஒரு வழி விட்டார்கள். துறைமுக வரியை மட்டும் பணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். துறைமுகத்தை மிதிக்காதவனிடம் வரி வாங்கக்கூடாதாம், அந்த நியாயம் அவர்களிடம் இருந்தது. மீதிப் பணத்துக்கு இரண்டு கடிதம் வந்தது, என் பெயரில் ஒன்று, அவள் பெயரில் ஒன்று. அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம். வேறு பெயருக்கு மாற்ற முடியாது. பணமாகக் கேட்க முடியாது. ஒரு வருடம் செல்லும்.

ஒரு வருடம் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. எங்கள் தொழிலில், பின்னால் கழித்துக்கொள்ளக் கொடுக்கும் கிரெடிட் நோட்டு என்றால், அது கையெழுத்தான நாளிலிருந்துதான் கெடு ஓடும். அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. அப்பாவின் வருஷத் திதி முடிந்து ஒரு பத்து நாள் அவகாசம் இருக்கும், அதற்குள் ஒரு கப்பலைப் பிடித்துவிடலாம் என்று விரல் விட்டு எண்ணினேன். வீட்டுக்கு வந்து, "கப்பல் எங்கீம் போகல. ஒரு வருசம் கழிச்சுப் போறோம்" என்று சொன்னேன். அவள் கடிதங்களை வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீலப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தக் கெடு கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஓடவில்லை. முதன்முதலில் நாங்கள் பணம் கட்டிய பங்குனியிலிருந்து ஓடியது. கடிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரியில், அது போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதாது, கப்பலில் ஏறியே இருக்கவேண்டும் என்றும் இருந்தது. ஆர்டர் தேதி வேறு, ஷிப்மென்ட் தேதி வேறு என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு வகுப்பெடுத்தவன் நான். எனக்கு அது கண்ணில் படவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பாவும் அக்காவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சேவூரில் அப்பாவுக்கு இருந்த மானாவாரிக் காட்டில் எனக்கும் அக்காவுக்கும் பாகம் பிரிப்பது பற்றிப் பேச்சு. காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது. சாமான் வாங்கிவரக் காலையில் டவுனுக்குப் போனவள் மதியம் தாண்டித்தான் வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பையை இறக்கி வைக்காமலே கதவோரம் நின்று, "ஏனுங்க, ஒரு நிமிசம் இப்பிடி வாங்களே" என்றாள்.

"என்ன? இங்கயே சொல்லு."

"இல்லீங்க, அந்தக் கப்பலு விசயமா…"

பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்கா பெரியப்பாவைப் பார்த்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாகம் பற்றிய கோபம், டாலர் நாற்பதுக்குக் கீழே சரிந்து கம்பெனியில் நான் வாங்கிக்கொண்டிருந்த ஏச்சு, அந்த நான்காம் பக்கம் பற்றி எனக்குள் இருந்த குற்ற உணர்வு, எல்லாம் சேர்ந்து அவள் மேல் விழுந்தது.

"எங்கப்பன் செத்து நூறு நாளு ஆகல. அதுக்குள்ள உனக்குக் கப்பல் ஒரு கேடா?"

இதை நான் சொன்னேன். ஒன்றரை வருடம் அவருக்கு மலம் அள்ளியவளைப் பார்த்து, இரண்டு சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன். அவள் பையை இடது கைக்கு மாற்றினாள். வலது கை எதையோ பொத்தியபடி இருந்தது. அந்தக் கையோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் டீ வந்தது. "இப்பிடி நாலு வார்த்த சொன்னாத்தான் அடங்குவாளுக" என்றார் பெரியப்பா, டீயை ஊதியபடி. நான் மறுக்கவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் கப்பல் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பங்குனி வந்தது, போனது. அந்த மாதக் கடைசியில் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, வெக்கைக்கு" என்றாள்.

ஆடி மாதம் கம்பெனிக்குச் சோதனை வந்தது. எங்கள் பெரிய பையர், ஹாலந்துக்காரன், தைத்து முடித்த ஆர்டரையே ரத்து செய்யப்போவதாக மெயில் போட்டான். இந்த சீசன் சரக்கு வேண்டாம், வேண்டுமானால் அடுத்த சீசனில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றான். அடுத்த சீசனில் அவன் இருப்பானா நாங்கள் இருப்போமா என்பது யாருக்கும் தெரியாது. முதலாளி, "நீ நேர்ல போயி கையக் காலப் புடிச்சாவது எடுக்க வெய்யி" என்று டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். நான் பெரியப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"வகுத்துப் பொழப்புக்குப் போறதுக்கு என்ன கண்ணு தோசம்? அப்பன் மேல பாரத்தப் போட்டுட்டுப் போயிட்டு வா."

ஆக, கடல் தாண்டக்கூடாது என்ற சட்டத்திலும் ஒரு பொடி எழுத்து இருந்திருக்கிறது. நான் போனேன். வருஷம் கழியாத மகன், கடல் மேலே பறந்து போனேன். பெட்டி இல்லை என்று தடுமாறியபோது, அவள் நாற்காலி போட்டு ஏறி நீலப் பெட்டியை இறக்கினாள். தன் பாஸ்போர்ட்டையும் கடிதங்களையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் சட்டைகளை மடித்து அடுக்கினாள். பேக்கிங்கில் இருந்த கை, ஒரு சுருக்கம் இருக்காது. விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டு, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹாலந்துக்காரன் காபி கொடுத்து, கையை விரித்து அனுப்பிவிட்டான். அவன் ரத்து செய்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. தாளைப் படித்தவன் என்ற முறையில் அதை நானே முதலாளியிடம் சொல்லவேண்டி வந்தது.

கார்த்திகையில் அப்பாவின் திதி முடிந்தது. மறுவாரமே இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு டிராவல்ஸுக்குப் போனேன். பெட்டியிலிருந்து அவற்றை எடுத்தபோது அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. டிராவல்ஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது பங்குனியோட முடிஞ்சிருச்சுங்கண்ணா."

"ஒரு வருசம்னு சொன்னீங்களே?"

"புக் பண்ணுன நாள்ல இருந்துங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க. அக்கா…" என்று என் மனைவியைக் குறித்து ஏதோ ஆரம்பித்தார். நான் விடவில்லை. கத்தினேன். உங்களை நம்பி வந்தேன், ஏமாற்றிவிட்டீர்கள், எழவு வீட்டுக்கு வந்து மாலை போட்டது இதற்குத்தானா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.

வீட்டில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அமெரிக்காவில் பாங்குகள் விழுந்து, திருப்பூரில் ஆர்டர்கள் வரிசையாக ரத்தாகிக்கொண்டிருந்த நேரம். பொய் சொல்ல அதைவிட வசதியான காலம் கிடைக்காது. "இப்பக் கம்பெனி இருக்கற நெலமையில லீவு கெடைக்காது. கடிதம் இருக்குது, எங்க போகப் போகுது" என்றேன். "சரிங்க" என்றாள். அடுத்த வருடம் மகனின் பரீட்சை என்றேன். அதற்கும் "சரிங்க". அதற்கடுத்த வருடம் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்கள். அதையும் விடாமல் சொன்னேன். ஒவ்வொரு பொய்க்கும் அவள் அதே மாதிரி, கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல், "சரிங்க" என்றாள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு நான் பொய் சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று.

பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அது முடிகிற சமயத்தில், கம்பெனி என்னை டாக்காவுக்கு அனுப்புவதாக இருந்தது. புதுப்பிக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியை இறக்கினேன். என்னுடையதில் ஹாலந்து முத்திரை இருந்தது. அவளுடையதைப் பிரித்தேன். ஒரு பக்கத்தில்கூட ஒரு மைத்துளி இல்லை. அட்டைக்கும் கடைசித் தாளுக்கும் நடுவிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டு கீழே விழுந்தது. டிராவல்ஸ்காரருடையது. நீளவாக்கில் கசங்கி, உள்ளங்கையில் பொத்தி வைத்த மடிப்புகளோடு இருந்தது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் அவர் கையெழுத்து. அந்தப் பங்குனித் தேதியைப் போட்டு அடிக்கோடு இழுத்திருந்தார். அதன் கீழே, "இதுக்குள்ள ஏறிடணும். அக்கா பேர்ல இருக்கறதுக்கு அக்கா மட்டும்கூடப் போலாம்."

அவள் சமையலறையில் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கார்டை நீட்டினேன்.

"இது எப்ப வாங்குனது?"

பார்த்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள்.

"மாசி மாசமுங்க. மாமா எறந்துபோன வருசம்."

"அப்ப, தேதி உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"நான் அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம்னு சொன்னதெல்லாம்?"

"கேட்டுட்டுத்தானுங்களே இருந்தேன்."

"ஏம் புள்ள, ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லத்தானுங்க அன்னைக்கு வந்தேன்."

இப்போதாவது போகலாம், சம்பளம் இருக்கிறது, மகன் வேலைக்குப் போகிறான், நல்ல கப்பலாகப் பார்த்துப் புதிதாகப் பதிவு செய்கிறேன் என்று கடகடவென்று சொன்னேன். ஒரு வயதானவன் பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி இருந்தது, எனக்கே.

"வேண்டாமுங்க" என்றாள். "அன்னைக்கு அது எங்காசு. பதனோரு வருசம் நின்னு ஒட்டுன காசு. அதுல போகோணும்னு இருந்துச்சு. இப்ப நீங்க கூட்டிட்டுப் போனா, நீங்க கூட்டிட்டுப் போனதாத்தானுங்க இருக்கும்."

"சரி, கப்பலு வேண்டாம். பாஸ்போர்ட்டாவது புதுப்பிச்சு வெய்யி. எதுக்காவது ஆகும்."

"எதுக்குங்க ஆகும்?"

உரித்த வெங்காயத்தைத் தட்டில் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கார்டு தரையில் கிடந்தது. அதையும் தோலோடு சேர்த்து அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு போனாள். எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை.

அடுத்த வாரம் கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன்.